வலி என்று நினைத்தேன், பருவம் என்றார்கள்

எங்கள் பெட்டைப் பூனைக்கு அப்போது ஆறு மாதம் முடிந்திருந்தது. ஒரு நாள் நள்ளிரவில் குழந்தை அழுவது போல அடித்தொண்டையில் கத்தத் தொடங்கியது. தரையில் புரண்டது. முதுகைத் தடவினால் முன்னங்கால்களை மடக்கிப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தது. இடுப்பில் அடிபட்டிருக்கிறது என்றே நினைத்தேன். விடிந்ததும் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்த்தார். நிமிடத்துக்கு 190 என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்கு இருப்பது போலவே நான்கு அறை இதயம்தானாம். ஆனால் பூனைக்கு 140 முதல் 220 வரை போவது சாதாரணம், மருத்துவமனைக்கு வந்த பயத்தில் இன்னும் கொஞ்சம் கூடும் என்றார். அப்புறம் உதட்டை விலக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழையபடி இளஞ்சிவப்பாகிவிட்டது. ரத்த ஓட்டத்தில் குறையில்லை, அடியும் இல்லை. பருவத்துக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் இன்றே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றேன். செய்யலாம், ஆனால் இந்த நேரத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தக்கசிவு அதிகமாகலாம், அவசரமில்லை என்றால் அடங்கட்டும் என்றார்.

நாள் ஆனால் முட்டை தானாக வெளிவந்து எல்லாம் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. அது தப்பு. பூனைக்குப் பெரும்பாலும் இணைசேர்ந்தால்தான் சினைமுட்டை வெளிவரும். கடுவனின் ஆணுறுப்பில் சின்னச் சின்ன முட்கள் உண்டு. அவை உண்டாக்கும் தூண்டல் மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன் சுரந்து, ஓரிரு நாளில் முட்டை வெளியேறும். இணை கிடைக்காவிட்டால் ஒரு வாரம் போல் கத்தி ஓய்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கிவிடும், அதுவும் பகல் நீண்டிருக்கும் மாதங்களில். ஆக, எனக்குக் கிடைத்தது சின்ன இடைவெளி.

அந்த ஏழு நாள் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே முதலில் ஒரு கடுவன், பிறகு மூன்று. ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருக்க முடியும் என்று படித்ததும் கதவைக்கூடப் பூட்ட ஆரம்பித்தேன். (ஒரு தாய்க்கு நான்கு நிறத்தில் குட்டிகளா என்று முன்பு வியந்தவன் நான்.) கத்தும்போதெல்லாம் அதட்டிப் பார்த்தேன், ஒரு பயனும் இல்லை. பாவம், அதன் கையில் என்ன இருக்கிறது?

சத்தம் ஓய்ந்து ஒரு வாரம் கழித்து ஆபரேஷன். மருத்துவர் சொன்னபடி முந்தைய இரவு சாப்பாட்டை நிறுத்தினோம். சினைப்பைகளையும் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று மயக்கம் முழுதாகத் தெளியாமல் தள்ளாடியது. மணிக்கொரு தரம் ஈறை அழுத்திப் பார்த்தேன், நிறம் திரும்பியதும்தான் என் மூச்சும் திரும்பியது. தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டினால், அது பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டிக்கொண்டது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள்.

இரவுக் கத்தல் அதோடு நின்றது. பசி மட்டும் கூடிவிட்டது. உடம்புக்கான தேவை குறைந்தும் சாப்பாட்டுக் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை. இப்போது அளந்துதான் வைக்கிறேன், அதற்கும் கத்துகிறது.