தூக்குக்குண்டுக்குள் இருந்த நான்கு சென்டிமீட்டர்

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் அக்காள் மகளுடன், தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்று தொடங்கிய வேலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. மதுரையில் எங்கள் வீட்டுக் கதவு நிலையின் மேல்சட்டத்தில் இரண்டு மரச் சில்லுகளைத் திருகி, அவற்றுக்கிடையே நைலான் நூலை இறுக்கி, கீழ்முனையில் கொத்தனார்கள் சுவரின் நேர் பார்க்கும் பித்தளைத் தூக்குக்குண்டைக் கட்டினோம். நைலான் எடை தாங்கும்போது சற்று நீளும் என்பதால், குண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே இரும்பு டேப்பால் நீளத்தை அளந்தோம். நேரத்துக்குக் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரம்.

முதல் வாரம் ஏறக்குறைய வீண். நூலின் நீளம் 70 சென்டிமீட்டராக இருக்கையில் ஒரே ஓர் அலைவின் (குண்டு ஒருமுறை போய்த் திரும்புவதன்) நேரத்தை ஐந்து முறை அளந்ததில் 1.58, 1.84, 1.71, 1.90, 1.62 நொடி என்று வந்தது. கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் போய்விடும் சுமார் 0.2 நொடி, இவ்வளவு சிறிய நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே அடுத்த வாரம் 20 அலைவுகளைச் சேர்த்து அளந்து, இருபதால் வகுத்தோம். விரலின் தாமதம் அதேதான். ஆனால் அதுவும் இருபதால் வகுபட்டுவிடுகிறது. குண்டை விட்டவுடன் கடிகாரத்தை ஓட்டாமல், அது மிக வேகமாகக் கடக்கும் நடுப்புள்ளியில், நிலைச்சட்டத்தில் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தாண்டும்போது ஓட்டினோம். அந்த நொடியில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் உண்மையில் அளப்பது 19 அலைவுகளே. எனவே "சுழியம்" என்று தொடங்கும்படி மருமகளிடம் சொன்னேன். இருமுறை மறந்தாள், அந்த அளவீடுகளைக் காரணத்தை எழுதி அடித்துவிட்டோம்.

ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தோம். 70 சென்டிமீட்டருக்கு வந்தவை 34.41, 34.72, 34.61 நொடி, சராசரி 34.58. மற்ற நீளங்களில், 30 சென்டிமீட்டருக்கு 23.45, 50-க்கு 29.50, 90-க்கு 38.97, 110-க்கு 42.86 நொடி. இவற்றிலிருந்து ஓர் அலைவின் நேரத்தை எடுத்து, 4π²-ஐ மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கி அலைவுநேரத்தின் இருபடியால் வகுக்கும் சூத்திரத்தில் இட்டு, ஐந்து விடைகளையும் சராசரியாக்கியபோது 9.15 மீ/நொடி² வந்தது. மதுரையில் இருக்க வேண்டியது 9.78-ஐ ஒட்டிய மதிப்பு. ஆறு விழுக்காட்டுக்கும் மேல் குறைவு.

"காற்றுத் தடை, மனிதப் பிழை" என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடும் வழக்கம் எங்கள் காலத்திலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சராசரியை விட்டுவிட்டுத் தனித்தனி விடைகளை வரிசையாகப் பார்த்தோம்: 8.62, 9.07, 9.24, 9.36, 9.46. நூல் நீள நீள மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. கை தவறியதால் வரும் பிழை மேலும் கீழுமாகச் சிதறுமே தவிர இப்படி ஒரே பக்கமாக ஏறாது. இது முறையான பிழை. நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது.

மூன்றாம் வாரம் வரைபடத்தாளை எடுத்தோம். கிடை அச்சில் நீளத்தையும் (மீட்டரில்), நிலை அச்சில் அலைவுநேரத்தின் இருபடியையும் குறித்தால் ஐந்து புள்ளிகளும் அழகான நேர்க்கோட்டில் அமைந்தன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. நிலை அச்சை 0.17-இல் வெட்டியது. பின்னோக்கி நீட்டியபோது கிடை அச்சில் பூச்சியத்துக்கு இடப்புறம் சுமார் 4 சென்டிமீட்டரில் போய்ச் சேர்ந்தது. அதாவது எல்லா நீளங்களிலும் நாங்கள் அளக்காமல் விட்ட ஒரே அளவு ஒன்று இருக்கிறது. முடிச்சு வரை மட்டும் அளந்துவிட்டு, குண்டின் ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருப்பதை மறந்திருந்தோம். குண்டைக் கழற்றிக் கத்தியின் முதுகில் படுக்கவைத்துச் சமநிலைப்படுத்தியதில், மையம் முடிச்சிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது.

இந்தத் தவறு கோட்டை அப்படியே பக்கவாட்டில் நகர்த்துமே ஒழியச் சாய்வை மாற்றாது. சாய்வு 4.03, 4π²-ஐ அதனால் வகுக்க 9.80. மருமகளின் கால்குலேட்டர் காட்டிய 9.7961-ஐ முழுதாக எழுத நான் விடவில்லை. எங்கள் அளவீடுகளின் சிதறலைப் பார்த்தால் 9.8, கூட்டியோ குறைத்தோ 0.1 என்பதற்கு மேல் உரிமை கோர முடியாது. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம், தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனில், அங்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதால் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். அந்த நுணுக்கத்துக்கு எங்கள் கதவு நிலை போதாது.

இந்தச் சூத்திரம் சிறிய கோணங்களுக்கே பொருந்தும் என்பதால், மீதமிருந்த மாலையில், 90 சென்டிமீட்டர் நூலில் வழக்கமான சிறிய கோணத்துக்குப் பதிலாக 30 பாகை இழுத்துவிட்டு அளந்தோம். மூன்று அளவீடுகளின் சராசரி 39.51 நொடி. சிறிய கோணத்தில் வந்ததைவிட 0.54 நொடி அதிகம். எங்கள் அளவீடுகள் தமக்குள் வேறுபடும் 0.3 நொடியைவிடப் பெரியது என்பதால், இதைக் கைத்தவறு என்று அடிக்காமல் பதிவேட்டில் வைத்திருக்கிறோம்.