16 என்று எழுதி இரண்டு நாள் போச்சு

எக்ஸ்பிஎஸ் (எந்தக் கோர் எந்த க்யூ வழியாகப் பாக்கெட் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவைக்கும் வசதி) போடுவது ஐந்து நிமிட வேலை என்றுதான் நானும் நினைத்தேன். லினக்ஸ் 2.6.38-லேயே வந்துவிட்ட சமாச்சாரம். எங்கள் சர்வரில் இரண்டு சாக்கெட், 16 கோர், நெட்வொர்க் கார்டு முதல் சாக்கெட்டில். அனுப்பும் த்ரெட்களை 0 முதல் 7 வரையுள்ள கோர்களில் கட்டிப்போட்டு, கார்டின் 8 டிஎக்ஸ் க்யூவையும் (பாக்கெட் வெளியே போகும் வரிசைகள்) ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டால் க்யூவின் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) கோர்கள் முட்டிமோதுவது நிற்கும், அவ்வளவுதான் திட்டம்.

கோருக்கு ஒரு பிட் என்பது கணக்கு: 0-ஆம் கோருக்கு 1, 1-ஆம் கோருக்கு 2, அடுத்ததற்கு 4. ஒரு லூப் எழுதி 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று ஒவ்வொரு க்யூவின் எக்ஸ்பிஎஸ்_சிபியூஸ் கோப்பிலும் போட்டேன். எரர் வரவில்லை. திருப்பிப் படித்தாலும் முன்னால் பூஜ்யங்களோடு நான் போட்ட எண்ணேதான் வருகிறது. ஆனால் பாக்கெட்டுகள் போகும் க்யூவுக்கும் என் திட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. டிரைவரைச் சந்தேகப்பட்டேன், ஃபர்ம்வேரைச் சந்தேகப்பட்டேன், ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. கடைசியில் பார்த்தால் அந்தக் கோப்புக்கு வேண்டியது ஹெக்ஸ், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்! நான் 4-ஆம் கோருக்கு என்று போட்ட 16-ஐ அது ஹெக்ஸாகப் படித்து 1, 2, 4 மூன்றுக்கும் திறந்துவிட்டிருக்கிறது. 128 போட்ட க்யூ 3, 5, 8-க்குப் போய்விட்டது, பாவம் 7-ஆம் கோருக்கு ஒன்றுமே இல்லை. முதல் நான்கு எண்கள் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான் என்பதால் கண்ணுக்கும் சிக்கவில்லை. 16-க்குப் பதில் 10, 32-க்குப் பதில் 20, இப்படித்தான் எழுத வேண்டும்.

சரி, திருத்தியாயிற்று. அப்போதும் வேகம் ஏறவில்லை. பெர்ஃப் டாப்பில் (சிபியூ நேரத்தை எது தின்கிறது என்று காட்டும் கருவி) ஸ்பின்லாக்தான், அதாவது லாக்குக்காகச் சுற்றிச்சுற்றிக் காத்திருப்பதுதான், உச்சியில் உட்கார்ந்திருந்தது. டிசி கட்டளை போட்டுப் பார்த்தால் ரூட்டில், அதாவது எல்லா க்யூவுக்கும் மேலே, ஹெச்டிபி என்ற க்யூடிஸ்க் (பாக்கெட்டை வரிசைப்படுத்தி அனுப்பும் பகுதி)! எந்தக் காலத்திலோ வேகக் கட்டுப்பாட்டுக்காக யாரோ வைத்தது. ரூட்டில் அது இருந்தால் எட்டு க்யூ இருந்தும் எல்லாப் பாக்கெட்டும் அந்த ஒரே க்யூடிஸ்க்கின் லாக்கைத் தாண்டித்தான் போக வேண்டும், எக்ஸ்பிஎஸ் போட்டும் புண்ணியமில்லை. அதை எடுக்க அனுமதி கேட்டால் "ஓடுறதைத் தொடாதீங்க" என்று பதில். எந்த லைனுக்காக அதை வைத்தார்களோ அந்த லைனையே எப்போதோ துண்டித்துவிட்டார்கள் என்பதை நானே தோண்டியெடுத்துக் காட்டிய பிறகுதான் சம்மதம் வந்தது. நீக்கியதும் எம்க்யூ (ஒவ்வொரு க்யூவுக்கும் தனி க்யூடிஸ்க் வைப்பது) தானாக வந்து உட்கார்ந்தது, க்யூவுக்கு ஒரு லாக், ஸ்பின்லாக் பட்டியலில் கீழே இறங்கிவிட்டது. அன்றைக்கு டீ என் செலவு.

செய்யப்போகிறவர்கள் ஐஆர்க்யூபேலன்ஸையும் (கார்டின் இன்டரப்ட்டுகளைக் கோர்களுக்குப் பங்கிடும் சேவை) கவனியுங்கள், இல்லாவிட்டால் இன்டரப்ட்டை அது தன் இஷ்டத்துக்கு வேறு கோருக்குத் தள்ளிவிடும். இன்னொன்று, மாஸ்க்கை (அந்தக் கோப்பில் போடும் எண்ணை) மாற்றிய நொடியே எல்லாம் மாறிவிடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிசிபி இணைப்பு, பாக்கெட் வரிசை குலையாமல் இருக்க, அனுப்பியதற்கெல்லாம் அக் (கிடைத்துவிட்டது என்ற பதில்) வரும்வரை பழைய க்யூவிலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பதறி நான் மாஸ்க்கை மூன்று முறை மாற்றி மாற்றிப் போட்டது தனிக்கதை.

அடுத்த வாரம் சர்வரை ரீபூட் செய்தார்கள், எல்லாம் போச்சு. இப்போது சர்வர் எழும்போதே தானாக ஓடும்படி சிஸ்டம்டி யூனிட்டாக வைத்திருக்கிறேன்.