பம்ப் முன்னால் உட்கார்ந்தபடி

ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் அந்த மெஷினை ஓட்டுறவரா?"

"ஆமாங்க."

"கடவுள் நம்பிக்கை உண்டா?"

"உண்டுங்க" என்றேன், யோசிக்கக்கூட இல்லை. பொய். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நடந்து வந்த மயக்க மருந்து டாக்டர் மட்டும் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பதினைந்து வருடமாக அவரோடு வேலை பார்க்கிறேன். எனக்கு நம்பிக்கை இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். தியேட்டரில் "பம்ப் ஆள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இதயத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் அதை நிறுத்தியாக வேண்டும். பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தினால் இதயம் தளர்ந்து நின்றுவிடும். அது நின்றிருக்கும் நேரமெல்லாம் அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் என் முன்னால் இருக்கும் இயந்திரம் செய்யும். உடம்பிலிருந்து கறுத்த ரத்தம் குழாய் வழியாக இறங்கி, ரிசர்வாயர் என்கிற பிளாஸ்டிக் தொட்டியில் சேரும். பம்ப் அதை ஆக்ஸிஜனேட்டருக்குள் தள்ளும். மறுபக்கம் செக்கச்செவேலென்று வெளியே வந்து உடம்புக்குத் திரும்பும். மானிட்டரில் துடிப்பு இருக்காது, நேர்கோடுதான் ஓடும். ஆள் உயிரோடுதான் இருப்பார்.

இந்த வேலையில் கவனிக்க நூறு விஷயம் உண்டு, ஆனால் பயம் ஒன்றுதான்: தொட்டியில் ரத்தத்தின் மட்டம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, தொட்டியில் 400 மில்லி இருக்கிறது என்று வையுங்கள். உடம்பிலிருந்து வரும் ரத்தம் ஏதோ காரணத்தால் நின்றுபோனால் தொட்டி காலியாக 6 நொடி. அதற்கப்புறம் பம்ப் தள்ளுவது காற்றை. அந்தக் காற்று நேராக மூளைக்குப் போகலாம். அலாரம் உண்டு, தானாக நிற்கும் ஏற்பாடும் உண்டு. இருந்தாலும் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, அலாரத்தை நம்பி உட்காராத. உனக்கு ஆறு நொடி இருக்கு. அந்த ஆறு நொடியில உனக்குப் பதிலா வேற யாரும் பார்க்க மாட்டாங்க."

என் அவநம்பிக்கை அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். நான் வளர்ந்த வீட்டில் எல்லாக் கவலைக்கும் ஒரே பதில், "மேல இருக்கறவன் பாத்துப்பான்". பரீட்சைக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். நல்ல வாக்கியம்தான், தூக்கம் வரவழைக்கும். ஆனால் பம்ப் முன்னால் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாது. சொன்ன நொடியிலேயே கண் தொட்டியை விட்டு விலகிவிடும். ஒரு நாளில் ஐந்து மணி நேரம் சொல்லக் கூடாத வாக்கியத்தை மிச்ச நேரத்தில் மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை. யாரோடும் வாதம் செய்து நான் மாறவில்லை. பழக்கம் விட்டுப்போன மாதிரி விட்டுப்போனது.

அது மட்டும்தான் காரணம் என்று சொன்னாலும் பொய்யாகிவிடும். ஒரு குழந்தை. மூன்று வயதுகூட ஆகவில்லை. என் பதிவேட்டை எத்தனையோ முறை திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ரத்தம் உறையாமல் வைக்கிற ஹெப்பாரின் அளவு, வெப்பநிலை, அழுத்தம் எதிலும் பிசகில்லை. சர்ஜன் கையிலும் பிழையில்லை. கடைசியில், இதயத்துக்குப் போகும் ரத்தத்தை அடைத்து வைத்திருந்த கிளாம்பை எடுத்த பிறகு இதயம் திரும்ப வரவில்லை. வெளியே அந்த அம்மா கேட்டது எங்களைப் பற்றி அல்ல. "நான் சரியா வேண்டிக்கலையா சார்?" என்று கேட்டார்.

தன் குழந்தையின் சாவுக்குத் தன் பிரார்த்தனையின் தரத்தைக் குற்றம் சொல்லிக்கொள்கிற ஒரு தாய். "இல்லம்மா, அப்படியெல்லாம் இல்ல" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. காப்பாற்றினால் பெருமை மேலே போகிறது, சரி, போகட்டும். ஆனால் காப்பாற்ற முடியாதபோது பழி ஏன் இந்த அம்மாவின் தலையில் வந்து இறங்குகிறது? இந்தக் கணக்கை எழுதியவன் யாராக இருந்தாலும் அவனோடு எனக்கு ஒத்துப்போகாது என்று அன்று தோன்றியது. அது கடவுள் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது, எனக்கே தெரியும். கோபம்தான். ஆனால் பலருடைய நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் அடியில் கிடப்பது இப்படி ஏதோ ஒன்றுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இதே பிரார்த்தனை விஷயத்தை எங்கள் துறையிலேயே ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்காகப் பிறர் பிரார்த்தனை செய்தார்கள், இன்னொரு குழுவுக்குச் செய்யவில்லை. இந்த இரண்டு குழுவுக்கும் சொல்லப்பட்டது "செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்" என்று மட்டும். மூன்றாவது குழுவிடம் "உங்களுக்காகப் பிரார்த்தனை நிச்சயம் நடக்கும்" என்று சொல்லி, அப்படியே செய்தார்கள். முடிவு 2006இல் வெளிவந்தது. முதல் குழுவில் 52 சதவீதம் பேருக்கு ஏதாவது சிக்கல் வந்தது, இரண்டாவதில் 51. மூன்றாவதில் 59. தனக்காகப் பிரார்த்தனை நடப்பது நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம்! பிரார்த்தனைக் குழுவையே கூப்பிடும் அளவுக்கா நம் நிலைமை மோசம் என்று பயந்திருப்பார்களோ என்று ஆய்வு செய்தவர்களில் ஒருவரே சொன்னார். தற்செயலாகவும் இருக்கலாம்.

இதைப் படித்த புதிதில் மயக்க மருந்து டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கொஞ்சம் திமிரோடுதான். அவர் நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "இந்த ரெண்டாவது குழுவுக்காக அவங்க வீட்டுல யாருமே வேண்டிக்கலைன்னு நினைக்கிறீங்களா?" பதில் இல்லை. முன்பின் தெரியாதவர்களின் பிரார்த்தனையைத்தான் அந்த ஆய்வு அளந்தது, கடவுளை அல்ல. இப்போதெல்லாம் அதை வைத்து யாரிடமும் வாதம் செய்வதில்லை.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும், அது எனக்குச் சாதகமான கதை இல்லை என்றாலும். நடு ஆபரேஷனில் என் பிரதான பம்ப் நின்றுவிட்டது. குழாய்களைக் கிளாம்ப் போட்டேன். இயந்திரத்தின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் கைப்பிடியை எடுத்துப் பொருத்தினேன், கிளாம்பைத் திறந்து கையால் சுற்ற ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்கு அம்புக்குறி போட்டிருக்கும். தலைகீழாகச் சுற்றினால் உடம்பிலிருக்கும் ரத்தத்தை இழுத்துவிடும். அம்புக்குறியைப் பார்த்தேன், மட்டத்தைப் பார்த்தேன், அழுத்தத்தைப் பார்த்தேன், மறுபடி அம்புக்குறி. மாற்றுப் பம்ப் தயாராகும்வரை நாலு நிமிடம் இருக்கும். தோள்பட்டை எரிந்தது. சுற்றும்போதெல்லாம் என் வாய் "கடவுளே, கடவுளே" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். எனக்கு நினைவில்லை, நர்ஸ் அப்புறம் சொல்லித்தான் தெரியும்.

"ஆபத்துன்னா எல்லாரும் அவன்கிட்டதான் வரணும்" என்று அந்த நர்ஸ் சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலில் இடித்துக்கொண்டால் "அம்மா" என்று கத்துகிறோம், அம்மா பக்கத்து அறையில் இருக்கிறாள் என்பதாலா? ஆனாலும் அந்த வார்த்தை என்னைக் கேட்காமலே வந்தது. வந்த தாளத்தில்தான் கை சுற்றியது என்பதும் உண்மை. அந்த நோயாளி நடந்து வீட்டுக்குப் போனார். போகும்போது "கடவுள் காப்பாத்திட்டார்" என்றார். என் தோள்பட்டைக்கு மட்டும் லேசாக வருத்தம்.

நன்றியைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு ஜான் கிப்பன் ஞாபகம் வரும். 1930களின் தொடக்கத்தில் பாஸ்டனில் இளம் மருத்துவராக இருந்தவர். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவு முழுக்க உட்கார்ந்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்துக் குறிப்பது அவர் வேலை. பார்த்தார், குறித்தார், காலையில் அந்தப் பெண் இறந்துபோனாள். அந்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்ப முடிந்தால் என்கிற எண்ணம் அந்த இரவில் வந்ததுதான். அதன் பின்னால் இருபது வருடத்துக்கு மேல் அலைந்தார், மனைவியும் கூடவே ஆய்வகத்தில் உழைத்தார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தபோது, 26 நிமிடம் அவருடைய இயந்திரம் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக முழுதாக வேலை செய்தது. அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. அவர் மனமுடைந்து அந்த ஆபரேஷனையே விட்டுவிட்டார், மற்றவர்கள் எடுத்து வளர்த்தார்கள். பார்த்துக்கொள்வது என்றால் எனக்கு அந்த இரவுதான், கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த அந்த ஆள்தான்.

சரி, பகுத்தறிவுவாதி என்று என்னை நினைத்துவிட வேண்டாம். இயந்திரத்தை நோயாளியோடு இணைக்கும் முன் ஆக்ஸிஜனேட்டரைத் தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுவோம். குமிழி எல்லாம் போன பிறகும் நான் மூன்று தட்டு கூடுதலாகத் தட்டுவேன். எதற்கு என்று கேட்டால் காரணம் கிடையாது. எப்போதோ ஒருநாள் தட்டாமல் விட்டு, அன்று ஆபரேஷன் கஷ்டமாகப் போனது. ஸ்கின்னர் என்கிற உளவியலாளர் 1948இல் பசித்த புறாக்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார். அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும். ஆனால் 8 புறாக்களில் 6, தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பித்தன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று தலையை ஆட்டியது. நான் மூன்று தட்டு தட்டுகிறேன்.

நம்பிக்கையை நான் உண்மையாகவே மதித்தது ஒரு பெண்மணியிடம். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர், உயிர் போனாலும் பிறர் ரத்தம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர். இப்படிப்பட்டவர்களுக்கு டென்டன் கூலி என்கிற அமெரிக்க சர்ஜன் 1962லேயே ரத்தம் ஏற்றாமல் திறந்த இதய ஆபரேஷன் செய்திருக்கிறார், முடியாத காரியமில்லை. குழாயின் நீளத்தைக் குறைத்தேன், குழாயில் நிரப்பும் திரவத்தின் பெரும்பகுதியை அவருடைய ரத்தத்தையே கொண்டு வெளியேற்றினேன். உடம்போடு தொடர்பு அறுபடாமல் ஓடும்வரை அது தன் ரத்தம்தான் என்று ஏற்றுக்கொண்டார். முந்தைய நாள் அவரிடம் ஆபத்தை விளக்கியபோது என் குரல்தான் நடுங்கியது. "நீங்க உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க, மத்தது உங்க பொறுப்பு இல்ல" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

பெரியவருடைய ஆபரேஷன் முடிந்த மாலை, உடை மாற்றும் அறைக்கு வெளியே டாக்டர் கேட்டார். "ஏன் பொய் சொன்னீங்க?"

"வேற என்ன மேடம் சொல்றது? மயக்க மருந்துக்கு முன்னாடி விவாதமா பண்ண முடியும்?"

டாக்டருடைய கடவுள் நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று நான் அதுவரை கேட்டதேயில்லை. அன்று கேட்டேன். கிளாம்பை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் இதயத்துக்குள் போகும். சில சமயம் கம்பளிப்புழு மாதிரி நெளியும், மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டியிருக்கும். சில சமயம் யாரும் தொடாமலேயே ஒரு துடிப்பு, ஒரு இடைவெளி, இன்னொரு துடிப்பு. "அந்த முதல் துடிப்பைப் பார்க்கிறப்போ எனக்கு வேற காரணம் தேவைப்படல" என்றார்.

நானும் அதே துடிப்பைத்தான் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். பொட்டாசியம் கழுவப்பட்டதும் இதயத்தின் செல்கள் தாமாகத் துடிக்கும், தட்டில் வைத்தாலும் துடிக்கும். எனக்கு அதுவே போதுமான அதிசயம். அவருக்கு அது ஒரு கையெழுத்து.

பாஸ்கலின் பந்தயம் பற்றி அவரிடம் கேலியாக ஏதோ சொன்னேன். கடவுள் இருப்பதாக வைத்துக்கொண்டால் நஷ்டமில்லை என்கிற அந்தக் கணக்கு. அவர் தலையை ஆட்டினார். பாஸ்கலே அந்தக் கணக்கால் நம்பவில்லை, 1654 நவம்பர் 23 இரவு இரண்டு மணி நேரம் அவருக்கு என்னவோ நேர்ந்தது, அதை ஒரு தாளில் எழுதி மேலங்கியின் உள்ளே தைத்து வைத்திருந்தார், 1662இல் இறந்த பிறகுதான் மற்றவர்கள் கண்ணில் பட்டது என்றார். நான் டார்வினைச் சொன்னேன். பரிணாமக் கொள்கைதான் அவர் நம்பிக்கையைக் கரைத்தது என்பார்கள். 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்ததுதான் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. மூன்று வயதுகூட ஆகாத அந்தக் குழந்தையின் ஆபரேஷனில் அவரும் இருந்தார்.

மறுநாள் காலை அடுத்த கேஸ். சர்ஜன் கத்தியை எடுக்கும் முன், எப்போதும்போல டாக்டர் கண்ணை மூடினார். ஐந்து நொடி இருக்கும், தினமும் அவ்வளவுதான். அந்த ஐந்து நொடியும் நான் அவருடைய மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லிச் செய்வதில்லை, எப்போது பழகினேன் என்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தார்.

"தெரியும்" என்றார், என் பக்கம் திரும்பாமலே.

நான் ஆக்ஸிஜனேட்டரை மூன்று முறை தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.