கொக்கி இல்லாத தோடு

ஜனவரி 10, சனி

அருங்காட்சியக வாசிப்பு வட்டத்துக்கு அடுத்த நாவல் முடிவாகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துத் தோடு அணிந்த பெண்' ஓவியத்தை வைத்து 1999இல் வந்த நாவல். ஓவியத்தின் பெயர்தான் நாவலுக்கும். ஒன்பது பேருக்கு நான்கு பிரதிகள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு இரண்டாவது சுற்று.

சும்மா இருக்க முடியாமல் ஓவியத்தைப் பற்றிப் படித்தேன். 44.5 செ.மீ. உயரம், 39 செ.மீ. அகலம். விரித்த செய்தித்தாளுக்குள் அடங்கிவிடும். 1881இல் அழுக்கேறி, கவனிப்பாரற்று ஏலத்துக்கு வந்தபோது போன விலை இரண்டு கில்டர் (அந்தக் கால டச்சு நாணயம்), கூடவே முப்பது சென்ட் கட்டணம். வாங்கியவர் உயிலில் தி ஹேக் நகரின் மாரிட்ஷுய்ஸ் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. உருவப்படமே இல்லையாம். இன்னாருடைய முகம் என்றில்லாமல், முகம் வரைவதற்காகவே வரைந்த முகம். டச்சுக்காரர்கள் அதை 'ட்ரோனி' என்பார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று புத்தகம் கைக்கு வந்தது, இன்று முடித்துவிட்டேன். பெயரில்லாத பெண்ணுக்கு நாவலில் கிரீட் என்று பெயர். 16 வயதில் வெர்மீர் வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். சூப்புக்கு நறுக்கிய காய்களை நிறம் பார்த்து வட்டமாக அடுக்கி வைத்திருக்கிறாள். ஏன் இப்படி என்று ஓவியர் கேட்கிறார். அந்த ஒரு காட்சியிலேயே நான் விழுந்துவிட்டேன். கசாப்புக்கடைப் பையன் வரும் பக்கங்களை மட்டும் வேகமாகத் தள்ளினேன், மன்னிக்கவும்.

அவள் வண்ணம் அரைக்கும் பகுதிகளை இரண்டு முறை படித்தேன். ஓவியத்தில் அவள் கட்டியிருக்கும் தலைப்பாகையின் நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி கல்லை அரைத்து எடுத்தது. யானை விலை, குதிரை விலை. அதை வெர்மீர் கைதாராளமாகப் பூசியிருக்கிறார். 1675இல் அவர் இறந்தபோது ரொட்டிக்கடைப் பாக்கி 600 கில்டருக்கு மேல். மனைவி இரண்டு ஓவியங்களைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள். மனைவியின் பக்கத்திலிருந்து இதைச் சொன்னால் அது வேறு நாவல்.

ஜனவரி 31, சனி

கூட்டம். சுவரில் ஓவியத்தின் அச்சுப் பிரதியை அசல் அளவிலேயே மாட்டியிருந்தார்கள். அது நல்ல யோசனை.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் எடுத்த எடுப்பிலேயே, "இந்த நாவல் ஓவியத்தைக் கெடுத்துவிட்டது" என்றார். இனி அந்த முகத்தைப் பார்த்தால் வேலைக்காரப் பெண்ணும் அவள் கதையும்தான் தெரியும், ஒளி தெரியாது என்பது அவர் கட்சி. நான் மறுத்தேன். பத்து விநாடி பார்த்துவிட்டு நகர்கிற படத்தை இரண்டு நாள் பார்க்க வைத்தது கதைதானே என்றேன். சொல்லும்போதே எனக்குப் பாதி நம்பிக்கைதான்.

அப்புறம் பேச்சு காது குத்தும் காட்சிக்குப் போனது. ஓவியத்துக்குத் தோடு வேண்டும், கிரீட்டுக்கோ காது குத்தவில்லை. கிராம்பு எண்ணெய் தடவி மரத்துப்போக வைத்துத் தானே ஊசியால் குத்திக்கொள்கிறாள். நர்ஸாக இருக்கும் அக்கா, "அந்தப் பக்கத்தில் என் கை தானாகக் காதுக்குப் போனது" என்றார். எல்லோருக்கும் அப்படித்தான்.

நகைப் பட்டறையில் நாற்பது வருடம் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் வட்டத்தில் உண்டு. அறுபது பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அவர் எழுந்துபோய், பையிலிருந்து லென்ஸை எடுத்துப் படத்தின் காதருகே வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுக்குக் கொக்கி எங்கே?"

எல்லோரும் எழுந்து போனோம். இல்லை. காதுமடலுக்கும் முத்துக்கும் நடுவே கம்பியும் இல்லை, வளையமும் இல்லை. மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே கழுத்துப்பட்டையின் வெள்ளை மங்கலாகப் பிரதிபலிக்கிற ஒரு தீற்றல். முத்து என்று நாம் சொல்வது அவ்வளவுதான்.

"இத்தனை பெரிய முத்தை நான் கையால் தொட்டதே இல்லை. கண்ணாடியா இருக்கும்" என்றார். ஆய்வாளர்களில் சிலரும் அதையேதான் சொல்கிறார்கள் என்று வழிநடத்தியவர் சேர்த்துக்கொண்டார்.

ஓவிய ஆசிரியருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இரவெல்லாம் அதே யோசனை. வெர்மீர் ஒன்றும் வரையாமல் விட்ட இடம் அது. சரியாக அங்கே பார்த்து ஊசியைக் குத்தியிருக்கிறார் நாவலாசிரியர். இது கெடுப்பதா? ஓவிய ஆசிரியரிடம் நேற்றே இதைக் கேட்டிருக்கலாம். எனக்கு எதுவும் மறுநாள்தான் தோன்றும்.

2018இல் ஓவியத்தைக் கருவிகளால் ஆராய்ந்து, முடிவுகளை 2020இல் வெளியிட்டார்கள். கறுப்புப் பின்னணி முதலில் மடிப்பு விழுந்த பச்சைத் திரையாக இருந்ததாம். வெறும் கண்ணுக்குத் தெரியாத இமை முடிகளும் இருக்கின்றனவாம். வரைந்ததே மறைந்திருக்கிறது, வரையாதது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

பிப்ரவரி 14, சனி

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நகைப் பட்டறைப் பெரியவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். முழுதும் படித்துவிட்டாராம். கிராம்பு எண்ணெய் சரிதான் என்றார். முத்து நிஜமாகவே அந்த அளவு இருந்தால் காது தாங்காது என்றார். படத்தில் தெரியாத மறு காதுக்கும் தோடு போட்டால்தான் ஆகும் என்று ஓவியர் பிடிவாதம் பிடிக்கிற இடம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"பின்னே? ஒத்தைத் தோடு நான் யாருக்கும் செய்து கொடுத்ததில்லை" என்றார்.