டர்பன் கல்யாணம்: கொட்டேஷனில் வராத செலவுகள்

எங்கள் வீட்டுக் கல்யாணம் முடிந்தும் பாக்கி பில் வருவது நிற்கவில்லை. சாப்பாடு, ஹால், மணவறை, போட்டோ என்று பெரிய தலைப்பில் ஒதுக்கிய பணம் ஒதுக்கியபடியே முடிந்தது. கையைக் கடித்ததெல்லாம் கொட்டேஷனில் எழுதாமல் விட்ட சில்லறைகள். தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கம் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்காக அவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தேதி. ஆடி, புரட்டாசி, மார்கழி கழிந்தால் மிஞ்சுகிற ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் ஊரே போட்டி போடுகிறது. தைப்பூசம், பங்குனி உத்திரக் காவடி சமயத்தில் ஐயர் கிடைப்பதும் கஷ்டம். இன்னொன்று: வழக்கமாக ஞாயிறு வேலை செய்யாத ஆளை அன்று கூப்பிட்டால் சட்டப்படி இரட்டைச் சம்பளம். பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் கூலி தலைக்கணக்கு விலைக்குள் அடங்குமா, தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சனிக்கிழமை நல்ல முகூர்த்தம் அமைந்தால் விடாதீர்கள்.

ஹாலில் வாடகையை மட்டும் பார்க்கக் கூடாது. சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்பதுதான் கேள்வி. காலை 9 மணி முகூர்த்தத்துக்கு 7 மணிக்குக் கதவைத் திறந்தால் எந்த அலங்காரக்காரரும் மணவறை போட்டு முடிக்க மாட்டார். முந்தின நாள் சாயங்காலமே இறங்க வேண்டும். அதற்கு அரை நாள் வாடகை. சாயங்காலம் காலி செய்யத் தாமதமானால் மணிக்கணக்கில் அபராதம். கழற்றுகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பந்தி முடிகிற நேரத்தை வைத்துப் போட்டால் இடிக்கும்.

ஹோட்டல் ஹால் என்றால் ஹோமத்தை மறக்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்த ஒப்பந்தத்தில் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் 'திறந்த நெருப்புக்கு அனுமதி இல்லை' என்று இருந்தது. ஹோட்டலில் புக்கிங் எடுத்த அம்மாவிடம் இந்துக் கல்யாணம் என்று சொல்லித்தான் பணம் கட்டியது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "நெருப்பு வைப்பீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே" என்றார்! புகை அலாரத்தை நிறுத்தி வைக்க ஒரு கட்டணம், தீயணைப்பானோடு ஒரு ஆள் நிற்க இன்னொரு கட்டணம். இதைத் தவிர்க்க, ஹோமம் எத்தனை நிமிடம், குண்டம் எத்தனை அங்குலம், எந்த இடத்தில் என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏற்றிவிடுங்கள். குண்டத்துக்கு அடியில் தகரம், அதன்மேல் செங்கல், அதன்மேல் மணல். சமித்து நன்றாகக் காய்ந்திருந்தால் புகை பாதியாகக் குறையும். ஈரக் கட்டையும் அளவுக்கு மீறிய நெய்யும்தான் அலாரத்தை அலற வைக்கும்.

அதே ஹோட்டலில் சைவச் சமையலுக்கு வெளி ஆளை விட்டால் 'வெளி கேட்டரிங்' கட்டணம் உண்டு. ஜெனரேட்டர் இருக்கிறது என்பார்கள். சமையலறைக் குளிர் அறைக்கும் மைக்குக்கும் அதில் கரண்ட் வருமா, விளக்குக்கு மட்டும்தானா என்று ஓடவிட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டில் தவறுவது நலங்கு ராத்திரிதான். கல்யாணப் பந்திக்கு இலைக்கணக்கு, தலைக்கணக்கு எல்லாம் போடுகிறோம். முந்தின ராத்திரி வீட்டுக்கு வருகிற சொந்தம், அக்கம்பக்கம், அவர்களுக்கான பிரியாணி, பருப்பு, கூடாரம், நாற்காலி எந்தத் தாளிலும் வருவதில்லை. அதைத் தனிச் செலவாக எழுதுங்கள்.

15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) இன்னொரு பொறி. விலையைச் சொல்லிவிட்டு அடியில் 'வாட் தனி' என்று போடுவார்கள். வாட் பதிவு எண் 4-இல் ஆரம்பிக்கும் பத்து இலக்கம். அது இல்லாதவர் வாட் வாங்கவே முடியாது. கேட்டதும் ஒருவர் அந்த வரியை அடித்துவிட்டுப் புது பில் கொடுத்தார். 'முன்பணம் திரும்பாது' என்ற வரிக்கும் மிரள வேண்டாம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி முன்பதிவை ரத்து செய்யலாம். அவர்கள் நியாயமான தொகையைத்தான் பிடிக்க முடியும். உங்களுக்கென்றே தைத்தது, செய்தது மட்டும் இதில் சேராது.

சென்னையில் பட்டு எடுப்பவர்கள்: ஆளுக்கு 5,000 ராண்ட் வரை சுங்கம் இல்லை. அதற்கு மேல் இன்னொரு 20,000 ராண்ட் வரை 20 சதவீதம். ரசீதைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்திருங்கள். வெற்றிலை, பூ, செடி வகை எதுவும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவராதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். மாவிலை இங்கேயே கிடைக்கிறது.

சட்டக் காகிதத்தில் ஒரே எச்சரிக்கை. தாலி கட்டினால் மட்டும் பதிவாகிவிடாது. நியமனம் பெற்ற திருமண அதிகாரி வேண்டும். உங்கள் ஐயருக்கு அந்த நியமனம் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக் கடனுக்காகவோ விசாவுக்காகவோ சிலர் முன்கூட்டியே பதிவுக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். சொத்தைத் தனித்தனியாக வைக்க நினைத்தால் நோட்டரி முன் ஒப்பந்தம் அந்தப் பதிவுக்கு முன்பே ஆக வேண்டும், தாலி நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கையெழுத்தான மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்திலும் ஏற வேண்டும். ஒப்பந்தமே போடாவிட்டால் இருவர் சொத்தும் கடனும் பொது. போட்டும் பதிவகத்தில் ஏற்றத் தவறினால் கடன்காரர் போன்ற வெளியாட்களிடம் அது செல்லாது. பிறகு மாற்ற உயர் நீதிமன்றம்தான், வக்கீல் செலவு மணவறைச் செலவைத் தாண்டும்.

சாவி வாங்கியதும் காலி ஹாலை மூலைமுடுக்கெல்லாம் போனில் வீடியோ எடுங்கள். கம்பளத்தில் கருகல் இருக்கிறது என்று சேதாரத்துக்கென்று நாங்கள் கட்டியிருந்த டெபாசிட்டைப் பிடிக்கப் பார்த்தார்கள். அந்தக் கருகல் முந்தின சாயங்கால வீடியோவிலேயே இருந்தது. முழுத் தொகையும் திரும்பி வந்தது.