லைப்ரரி டீச்சரின் துணிப்பை

புத்தகம் எடுக்கப் போனால், பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போதே லைப்ரரி டீச்சர் சொல்லிவிடுவார்: "கண்ணு, படிச்சுப்போட்டு வந்து எந்த ஊரு புடிச்சுதுன்னு சொல்லோணும்." கதைப் புத்தகமானாலும் அதே கேள்விதான்.

முழுப்பரீட்சை முடிந்ததும் துணிப்பையோடு பஸ் ஏறிவிடுவார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு நோட்டு நிறைந்திருக்கும். எந்த ஊரானாலும் முதலில் அங்குள்ள நூலகம். கோயிலும் அருவியும் பிறகுதான். தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பார்த்துவிட்டு வந்த வருடம், ஒரு வாரம் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் திருப்பூர்க்காரர் என்பதில் அவருக்குச் சொந்த வீட்டுப் பெருமை.

ஓய்வு பெறும் சமயத்தில் அந்த நோட்டுகளை ஈரோட்டு அச்சகம் ஒன்றில் கொடுத்துப் புத்தகமாக்கினார். முதல் கட்டுரை தஞ்சையும் அல்ல, சென்னையும் அல்ல. இரண்டு பஸ் மாறினால் போய்விடக்கூடிய கொடுமணல். நொய்யல் கரையில் ஆடு மேயும் காடு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று பாடிய ஊர் அது, மணிகள் செய்து விற்ற ஊர், பானையில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர் பொறித்துவைத்த மனிதர்கள் வாழ்ந்த ஊர் என்று அவர் எழுதியதைப் படித்தபிறகுதான் நம் மண்ணை நான் நின்று பார்த்தேன். அதே கட்டுரையில் நொய்யலில் ஓடிய சாயத்தண்ணியையும் மறைக்காமல் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களுக்காகவே அவரை நான் அதிகம் மதிக்கிறேன்.

அச்சான புத்தகத்தின் பிரதியைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்பவேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதிகளைத் தானே கட்டி அனுப்பினார். "எம் புஸ்தகம் கல்கத்தா போயிருச்சு கண்ணு, நாந்தான் இன்னும் போகோணும்" என்றார். அடுத்த தை மாதமே போய்வந்தார்.

போன வருடம் மெல்போர்னிலிருந்து பேசினேன். "அங்க லைப்ரரி எப்படி?" என்றார். இங்கே வந்து ஆறு வருடமாகியும் உள்ளே போனதில்லை. அந்தச் சனிக்கிழமையே விக்டோரியா மாநில நூலகத்துக்குப் போனேன். 1913-ல் திறந்த எண்கோண வாசிப்பறை, தலைக்குமேல் பெரிய குவிமாடம். எல்லாவற்றையும் விவரித்தேன்.

"அதெல்லாஞ் செரி. யாரு உக்காந்து படிக்கறாங்க?"

அதை நான் கவனிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனேன்.