வெப்பத் தாங்குதிறன் சோதனைக்குப் போகுமுன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்

நெடுந்தூர ஓட்டத்தில் வெப்பத்தாக்கு ஏற்பட்டு நினைவிழந்த எனக்கு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் சீரடைந்து சில வாரங்கள் கழிந்த பின், மீண்டும் ஓடலாமா என்பதை அறிய வெப்பத் தாங்குதிறன் சோதனை செய்துகொள்ளும்படி மருத்துவர் சொன்னார்.

முதலில் போன மையத்தில் சூடான அறையில் டிரெட்மில்லில் நடக்கவைத்து, காதில் வைக்கும் தெர்மாமீட்டரால் மட்டும் அளந்து, ‘இயல்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கடும் உழைப்பின்போது காதும் நெற்றியும் காட்டும் அளவு உடலின் உள்வெப்பத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. மையத்தில் கேட்டபோது, “எல்லோருக்கும் இப்படித்தான் பார்க்கிறோம்” என்ற பதிலோடு அனுப்பிவிட்டார்கள். கட்டிய பணமும் திரும்பவில்லை. ஒருவர் உயிரோடு தொடர்புடைய முடிவை இவ்வளவு அலட்சியமாக எழுத முடிகிறது என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த இடம் முறையானதுதான். ஆனால் ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும் என்பதை முன்பதிவின்போது யாரும் சொல்லாமல், நேரில் போன பிறகே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோங்கள். காய்ச்சலோ தூக்கமின்மையோ இருந்தால் தேதியை மாற்றிக்கொள்வதே நல்லது.

சோதனை இதுதான்: 40 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 2 சதவீத ஏற்றத்தில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். இஸ்ரேலிய ராணுவம் பயன்படுத்தும் முறை இது. ஆசனவாய் வழியாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உள்ளே செலுத்தப்படும் மெல்லிய உணரி வெப்பத்தைத் தொடர்ந்து பதிவுசெய்யும். அதை நினைத்துத் தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் கூச்சம் சில நிமிடங்களில் மறைந்துவிடும்.

உள்வெப்பம் 38.5 டிகிரியையோ, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 150ஐயோ தாண்டினாலும், வெப்பம் ஒரு நிலையில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனாலும் தாங்குதிறன் குறைவு என்று கொள்கிறார்கள். இரண்டாம் மணி நேரத்தில் என் உள்வெப்பத்தைக் காட்டும் கோடு மேலே ஏறாமல் 38.2இல் நின்றதைத் திரையில் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

‘தேறினார்’ என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிடாமல், நேரவாரியான அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். இது நடைச் சோதனைதான், ஓட்டத்துக்கான உரிமம் அன்று. அந்த அட்டவணையைப் பார்த்த பிறகே மருத்துவர் எனக்குக் குளிர்ந்த நேரத்தில் குறுகிய ஓட்டத்தை அனுமதித்தார். வெயிலுக்கு உடலைப் பழக்க மேலும் இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறார்.